பைசா போச்சா, வழியில நிக்குதா? யூபிஐ 'பெண்டிங்' ஆகும்போது உள்ளே நடப்பது இதுதான்



மாசத்தோட முதல் வாரம் வந்தா நம்ம சேனலுக்கு ஒரே மாதிரி கேள்விதான் அதிகமா வரும். "அக்கவுண்ட்ல இருந்து பைசா போயாச்சு, ஆனா அங்க போய்ச் சேரல்ல. இப்ப என்ன செய்ய?"

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பையன். சம்பளம் வந்த அன்னைக்கு ராத்திரி, கருங்கல்ல இருக்கிற அம்மாவுக்குச் சீட்டுப் பணம் ₹8,500 அனுப்புறான். திரையில வட்டம் சுத்துது, சுத்துது, கடைசியில 'பெண்டிங்'. பேங்க்ல இருந்து டெபிட் எஸ்எம்எஸ் வந்தாச்சு. அம்மாவுக்குப் போன் பண்ணினா, "மக்களே, இங்க ஒண்ணும் வரல்லியே" என்கிறார். "சரிம்மா, இன்னொரு தடவை போடுறேன்" என்று மறுபடியும் ₹8,500. கொஞ்ச நேரத்தில் ரெண்டும் போய்ச் சேர்ந்துடுது.

அம்மா கையில பைசா பத்திரமாத்தான் இருக்கு. ஆனா 5-ஆம் தேதி பைக் லோன் இஎம்ஐ எடுக்க வரும்போது அக்கவுண்ட்ல இருப்பு பத்தல. இஎம்ஐ திரும்பிப் போகுது. பேங்க் ஒரு அபராதம், லோன் கொடுத்த கம்பெனி ஒரு அபராதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி. தாமதம் நீண்டா கிரெடிட் ரிப்போர்ட்லயும் பதிவாகும்.

இத்தனைக்கும் காரணம், 'பெண்டிங்' என்ற ஒரு வார்த்தையை அவன் 'ஃபெயில்' என்று படிச்சதுதான். ரெண்டும் ஒண்ணு இல்ல. ஏன் இல்லன்னு புரிஞ்சுக்க, நாம அனுப்பும் ஒரு பேமென்ட் மெசேஜ் வழியில எப்படி உருவம் மாறுதுன்னு பார்க்கணும். கொஞ்சம் டெக்னிக்கல்தான். ஆனா கணக்குப் புத்தகம் பார்க்கத் தெரிஞ்ச யாருக்கும் புரியும்.

ரெண்டு பாஷை, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

யூபிஐ-யின் மைய சர்வரை நடத்துவது என்பிசிஐ. 2016 ஏப்ரல் 11 அன்று, அப்போது ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த ரகுராம் ராஜன் மும்பையில் இதைத் தொடங்கி வைத்தார். முதலில் 21 வங்கிகளோடு சோதனை ஓட்டம். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது.

இந்த யூபிஐ ஒரு வெப் சர்வீஸ். நீங்க பிரவுசரில் ஒரு தளத்தைத் திறக்கும் அதே எச்டிடிபிஎஸ் பாதையில்தான் இதன் மெசேஜும் போகுது. மெசேஜ் எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருக்கும். அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும்: இது தொகை, இது அனுப்புபவர், இது பெறுபவர். மனுஷன் படிச்சாலும் ஓரளவு புரியும்.

ஆனா பேங்க்குக்கு உள்ளே நிலைமை வேற. கார்டு, ஏடிஎம் நெட்வொர்க்குகளுக்காக உருவான ஐஎஸ்ஓ 8583 என்ற மெசேஜ் தரம் 1987-இல் முதலில் வெளியானது. லைன் மெதுவா இருந்த காலம். அதனால ஒவ்வொரு எழுத்தையும் சிக்கனமா செலவழிச்சாங்க. பெயர்ச்சீட்டு எதுவும் கிடையாது. 4-ஆம் புலம்னா தொகை, 39-ஆம் புலம்னா பதில் என்று எல்லாமே எண்தான். எந்தெந்தப் புலம் இந்த மெசேஜில் இருக்குன்னு சொல்ல, தொடக்கத்தில் 64 பிட் நீளத்தில் ஒரு வரைபடம். 1 இருந்தா அந்தப் புலம் உண்டு, 0 இருந்தா இல்லை.

2010 நவம்பர் 22-இல் வந்த ஐஎம்பிஎஸ் இந்த ஐஎஸ்ஓ மரபில் வளர்ந்தது. யூபிஐ அந்த ஐஎம்பிஎஸ் அஸ்திவாரத்தின் மேல் கட்டப்பட்டது. அதனால பல வங்கிகளில் வெளியே எக்ஸ்எம்எல், உள்ளே ஐஎஸ்ஓ 8583. நடுவில் ஒரு அடாப்டர் உட்கார்ந்து ஒண்ணை இன்னொண்ணா மாத்துது.

நம்ம ₹8,500 இந்த மாற்றத்தில் என்னவாகுதுன்னு பாருங்க:

- எக்ஸ்எம்எல் மெசேஜில் தொகை 8500.00. புள்ளி இருக்கு.
- ஐஎஸ்ஓ மெசேஜில் தொகை 000000850000. சரியாக 12 இலக்கம், புள்ளி கிடையாது, எல்லாம் பைசாவில்.
- ஐஎஸ்ஓவில் கேள்வி போனா மெசேஜ் வகை 0200. பதில் வந்தா 0210. எடுத்த பணத்தைத் திருப்பிப் போடுன்னு சொல்ல 0420.
- பதில் புலத்தில் ரெண்டே எழுத்து. 00 என்றால் சரி. 51 என்றால் இருப்பு போதவில்லை. 91 என்றால் அந்தப் பக்கத்து வங்கி சிஸ்டமே கிடைக்கவில்லை. யூபிஐ பக்கத்தில் இருப்பு போதவில்லை என்பதற்கு இசட்9 என்று வேற குறியீடு.

தொகையில ஒரு புள்ளியை எடுக்க மறந்தாலோ, ரெண்டு சைபரை விட்டாலோ ₹8,500 என்பது ₹85 ஆகிடும். அதனால இந்த வேலையை வெறும் எழுத்து மாற்றமா நினைக்கக்கூடாது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம ஊர் கேரளப் பக்கத்தோடு சேர்ந்திருந்தது. அதுக்கு முந்தின திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 28 சக்கரம் ஒரு ரூபாய். ஆனா பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28½ சக்கரம். ரெண்டு பக்கமும் 'ரூபாய்'னுதான் பெயர், மதிப்பு மட்டும் அரைச் சக்கரம் வித்தியாசம். ஆரல்வாய்மொழி தாண்டி வியாபாரம் பண்ணினவர் அந்த அரைச் சக்கரத்தைக் கணக்கில் விட்டால் நஷ்டம் அவர் தலையில்தான். இன்னைக்கும் வயசானவங்க பணத்தைச் 'சக்கரம்'னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அடாப்டர் செய்யுறது அதே வேலைதான்: பெயர் மாத்தினா போதாது, மதிப்பு ஒரு பைசா குறையாம அடுத்த பக்கம் போகணும்.

'வந்து சேர்ந்தது' வேற, 'வேலை முடிஞ்சது' வேற

வடிவம் மாறுவது பாதி கதை. மீதி, ரெண்டு பாதையும் நடந்துக்கிற விதம்.

வெப் சர்வரில் வழக்கமா ஒரு கேள்வி கேட்டா, அதே இணைப்பில் அதுக்கான பதில் வரும். பேங்க் பக்கத்து ஐஎஸ்ஓ இணைப்பு அப்படி இல்ல. ஒரே டிசிபி லைன் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான மெசேஜ் ஒண்ணு பின்னால ஒண்ணா ஓடும். மூணாவதா போன கேள்விக்குப் பதில் முதலில் வரலாம், முதல் கேள்விக்குப் பதில் கடைசியில் வரலாம். எந்தப் பதில் எந்தக் கேள்விக்குன்னு கண்டுபிடிக்க ஒவ்வொரு மெசேஜிலும் ஒரு வரிசை எண்ணும், ஆர்ஆர்என் என்ற 12 இலக்கக் குறிப்பு எண்ணும் இருக்கும். அடாப்டர் ஒரு பட்டியல் வைச்சு, வந்த எண்ணை அதில் தேடிப் பொருத்தும். டெய்லர் கடையில் பில் நம்பரைப் பார்த்துத் துணியை எடுத்துக் கொடுப்பது மாதிரி.

யூபிஐ சர்வரும் இதைப் புரிஞ்சுதான் வடிவமைக்கப்பட்டிருக்கு. ஒரு வங்கி பேமென்ட் மெசேஜ் அனுப்பினா, உடனே 'கிடைச்சது' என்று மட்டும் ஒரு ஒப்புகை வரும். உண்மையான முடிவு பிறகு தனி மெசேஜா வரும். எச்டிடிபி மொழியில் 200 என்ற பதில் வந்தாலும் அதன் அர்த்தம், தபால் வாங்கினவர் கையெழுத்துப் போட்டார் என்பதுதான். உள்ளே இருந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டதான்னு அந்தக் கையெழுத்து சொல்லாது.

இப்ப நம்ம ₹8,500 போகும் வழியை வரிசையா பார்ப்போம்:

1. உங்க ஆப், அதுக்குப் பின்னால இருக்கும் வங்கி வழியா, என்பிசிஐக்குக் கோரிக்கை அனுப்புது.
2. அம்மாவின் யூபிஐ ஐடி எந்த அக்கவுண்ட் என்று அந்தப் பக்கத்து வங்கியிடம் என்பிசிஐ கேட்டுத் தெரிஞ்சுக்குது.
3. உங்க வங்கிக்கு 'டெபிட் பண்ணு' என்று மெசேஜ். உங்க வங்கி எடுத்துட்டு 'ஆச்சு' என்கிறது. எஸ்எம்எஸ் வர்றது இந்த இடத்தில்தான்.
4. அம்மாவின் வங்கிக்கு 'கிரெடிட் பண்ணு' என்று மெசேஜ்.
5. அங்கிருந்து 'ஆச்சு' வந்ததும் ரெண்டு பக்கத்து ஆப்புக்கும் முடிவு போகுது.

கவனிங்க, டெபிட் எஸ்எம்எஸ் 3-ஆம் படியில் வந்துடுது. அம்மாவுக்குக் கிடைப்பது 4-ஆம் படியில். 'பைசா போயாச்சு, வரல்ல' என்ற நிலை இந்த ரெண்டு படிக்கும் நடுவில்தான் பிறக்குது.

மூணாவது பதில்: 'தெரியாது'

4-ஆம் படியில் அம்மாவின் வங்கி 'முடியாது' என்று தெளிவா சொல்லிட்டா பிரச்சினை இல்ல. உங்க வங்கிக்குத் திருப்பிப் போடும் மெசேஜ் போகும், பணம் திரும்பும்.

'ஆச்சு' என்று சொன்னாலும் பிரச்சினை இல்ல.

எதுவுமே சொல்லாம இருந்தா? இங்கதான் சிக்கல். அம்மாவின் வங்கி மெசேஜையே பார்க்காம இருந்திருக்கலாம். இல்லன்னா, பார்த்து, பணத்தையும் வரவு வைச்சு, பதில் அனுப்பும்போது மட்டும் லைன் அறுந்திருக்கலாம். வெளியில் இருந்து பார்க்கிற சர்வருக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: மௌனம்.

இந்த மௌனத்தை அடாப்டர் 'ஃபெயில்' என்று மொழிபெயர்த்தால், ஏற்கெனவே வரவு வைச்ச பணத்தை உங்களுக்கும் திருப்பித் தர வேண்டியதாகும். 'சக்சஸ்' என்று மொழிபெயர்த்தால், வராத பணத்தை வந்ததா சொல்லும். ரெண்டுமே பொய்க் கணக்கு. அதனால நேர்மையான சிஸ்டம் மூணாவது பதிலைச் சொல்லுது: 'இப்போதைக்குத் தெரியாது'. அதைத்தான் உங்க திரை 'பெண்டிங்' என்று காட்டுது.

கணக்கியலில் இதுக்கு நல்ல பெயர் உண்டு, சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எங்கே சேர்க்கணும்னு முடிவாகாத தொகையை அதில் வைப்போம். அதில் இருப்பதால் அந்தப் பணம் காணாமப் போனதா அர்த்தம் இல்ல, முடிவு வரக் காத்திருக்கு. வங்கிகள் என்பிசிஐ-யின் செட்டில்மெண்ட் பட்டியலோடு தங்கள் கணக்கை ஒப்பிட்டு, ஒவ்வொண்ணையும் வரவு அல்லது திருப்பம் என்று முடிச்சு வைப்பாங்க.

இப்ப முக்கியமான பாயிண்ட். அதே பரிவர்த்தனை எண்ணோடு ஒரு மெசேஜ் ரெண்டு தடவை போனால், 'இதை ஏற்கெனவே பார்த்தாச்சு' என்று சிஸ்டம் கண்டுபிடிச்சுடும். ஆனா நீங்க மறுபடியும் பட்டனை அழுத்தி பின் போட்டால் அது புது எண்ணோடு, புது பேமென்ட். முதல் மெசேஜோடு அதுக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ரெண்டும் வெற்றி ஆனால், சிஸ்டத்தைப் பொறுத்தவரை தப்பே நடக்கல. வங்கி திருப்பித் தரவும் கடமைப்படல. வாங்கினவர் மனசு வைச்சாதான் பணம் திரும்பும். அம்மான்னா சரி. முன்பின் தெரியாத ஆன்லைன் விற்பனையாளர்னா?

எல்லாரும் 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்டால்

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடு முழுக்க யூபிஐ தடுமாறியது ஞாபகம் இருக்கலாம். அதுக்கு முந்தைய மார்ச் 26-லும் ஒரு தடுமாற்றம். ஏப்ரல் 12 பற்றி என்பிசிஐ ஆராய்ந்து சொன்ன காரணம், இந்தக் கட்டுரையின் விஷயத்தோடு நேரடியா சம்பந்தப்பட்டது.

முடிவு தெரியாத பரிவர்த்தனைக்கு, 'அது என்ன ஆச்சு?' என்று வங்கி சர்வர் கேட்க ஒரு தனி மெசேஜ் உண்டு. சில வங்கிகளின் சிஸ்டம், பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, இதைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. அந்த வெள்ளத்தில் மைய சர்வர் திணறியது. பணம் அனுப்பும் மெசேஜை விட, 'அனுப்பினது ஆச்சா' என்ற மெசேஜ் கூட்டத்தை உண்டாக்கிடுச்சு. கல்யாண வீட்டில் சமையல்காரரை ஒரு நிமிஷத்துக்கு ஒருத்தர் 'சாப்பாடு ரெடியா?' என்று கேட்டுக்கிட்டே இருந்தா, அவர் எப்ப அரிசி போடுவார்?

அதுக்குப் பிறகு விதிகள் இறுகின. 2025 ஜூன் 16 முதல் பேமென்ட் மெசேஜுக்குப் பதில் சொல்ல வங்கிகளுக்கு இருந்த 30 விநாடி 15 ஆகக் குறைஞ்சது. நிலவரம் கேட்கும் மெசேஜுக்கு 30 விநாடி 10 ஆனது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நமக்கும் கட்டுப்பாடு வந்தது: பெண்டிங் பேமென்ட்டின் நிலையை 3 தடவைதான் பார்க்கலாம், ஒவ்வொண்ணுக்கும் இடையில் 90 விநாடி இடைவெளி. ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைதான் பேலன்ஸ் பார்க்கலாம்.

அதே வருஷம் பிப்ரவரி 1-இல் இன்னொரு மாற்றம். யூபிஐ பரிவர்த்தனை எண்ணில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே இருக்கணும். ஒரு நட்சத்திரக் குறியோ, கோடோ இருந்தால் மைய சர்வர் நிராகரிக்கும். பல சிஸ்டம் வழியா உருவம் மாறிப் போகும் ஒரு எண்ணில், ஒரு பக்கம் ஏத்துக்கிற குறியை அடுத்த பக்கம் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டா, கேள்வியும் பதிலும் பொருந்தாமப் போகும். எல்லாரும் ஒரே எழுத்துக்கூட்டத்தில் எண் கொடுத்தால் அந்த வம்பு இல்லை.

உருவம் மாறும்போது உதிர்வது எது?

தொகை உதிராது. அதைக் காப்பாத்த ஏகப்பட்ட பூட்டு இருக்கு. உதிர்வது விளக்கம்.

ஐஎஸ்ஓ 8583-இல் கடையின் பெயர், ஊர், நாடு எல்லாத்துக்கும் சேர்த்து 40 எழுத்து இடம்தான். கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் கடைப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிக்கிறதுக்கு ஒரு காரணம் இது. தமிழில் எழுதினால் இடம் இன்னும் சீக்கிரம் தீரும். 'கருங்கல்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுத 8 பைட் போதும். யூடிஎஃப்-8 முறையில் தமிழில் எழுதினால் 24 பைட்.

வெளிநாட்டுப் பணத்திலும் இதே கதை. நம்ம பகுதியில் வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. அங்கிருந்து வங்கி வழியா வரும் பணத்துக்கான பழைய ஸ்விஃப்ட் மெசேஜில், அனுப்புபவர் பெயரும் முகவரியும் 35 எழுத்து கொண்ட 4 வரிக்குள் அடங்கணும். ஐஎஸ்ஓ 20022 என்ற புதுத் தரம் பெயர், தெரு, ஊர், நாடு எல்லாத்துக்கும் தனித்தனி அறை தருது. நம்ம ரிசர்வ் வங்கியின் ஆர்டிஜிஎஸ் 2013-லேயே இதுக்கு மாறிடுச்சு. வங்கிகளுக்கு இடையிலான வெளிநாட்டுப் பேமென்ட்டில் பழசும் புதுசும் சேர்ந்து ஓடின காலம் 2025 நவம்பர் 22 அன்று முடிஞ்சது. அகலமான அறையில் இருந்து குறுகிய வரிக்கு மாத்தும்போது எது வெட்டுப்படும்னு கவலைப்பட வேண்டிய காலம் அது.

சம்பளக்காரரான உங்களுக்கு இதில் என்ன? ரெண்டு விஷயம்.

முதலாவது, வெளிநாட்டில் இருந்து பணம் வரணும்னா, பாஸ்புக்கில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் பெயரைக் கொடுங்க. இனிஷியல் முன்னாடியா பின்னாடியா என்பது கூட முக்கியம்.

ரெண்டாவது, ஸ்டேட்மெண்டில் இருக்கும் விளக்கத்தை மட்டும் நம்பி வருமான வரிக் கணக்கு போட முடியாது. ரூம்மேட் தந்த வாடகைப் பங்கு உங்க வருமானம் இல்ல. பெற்றோர் தந்த பணத்துக்கும் வரி இல்ல. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு 'இந்த ₹40,000 என்ன?' என்று கேள்வி வந்தால், வெட்டுப்பட்ட ஒரு வரியைப் பார்த்து உங்களுக்கே ஞாபகம் வராது. பெரிய தொகைக்கு மட்டுமாவது தேதி, ஆர்ஆர்என், யார், எதுக்கு என்று நாலு காலம் போட்டு ஒரு ஷீட் வைச்சுக்கோங்க.

12 இலக்கம்: உங்க ரசீது

ஆர்ஆர்என் பத்தி இன்னொரு சுவாரசியம். யூபிஐயில் இதன் முதல் இலக்கம் பெரும்பாலும் வருஷத்தின் கடைசி எண். அடுத்த மூணு இலக்கம் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 5102 என்று தொடங்கினால் 2025-இன் 102-ஆவது நாள். மேலே சொன்ன அதே ஏப்ரல் 12. உங்க ஆப்பில் ஒரு பழைய பேமென்ட்டை எடுத்துச் சரிபார்த்துப் பாருங்க.

ஆப் காட்டும் நீளமான பரிவர்த்தனை எண் வேற, இது வேற. பேங்க் கவுண்டரில் போய் நின்னால் அவங்க தேடுவது இந்த 12 இலக்கத்தைத்தான். ரெண்டு பாஷையிலும் உருவம் மாறாமப் பயணம் செய்யும் எண் இதுதான் என்பதால், ஸ்கிரீன்ஷாட்டை விட இதுக்கு மதிப்பு அதிகம்.

உங்களுக்கு உள்ள உரிமை

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டது. அக்டோபர் 15 முதல் அமல். தோல்வி அடைந்த பரிவர்த்தனையை எத்தனை நாளில் சரி செய்யணும், தவறினால் எவ்வளவு இழப்பீடு என்று அதில் தெளிவா இருக்கு. பரிவர்த்தனை நடந்த நாளை 'டி' என்று வைச்சுக்கோங்க:

- யூபிஐ அல்லது ஐஎம்பிஎஸ்-இல் ஒருத்தருக்கு அனுப்பி, உங்க கணக்கில் எடுத்து, அவருக்குப் போகலன்னா: டி+1 நாளுக்குள் பணம் தானாகத் திரும்பணும்.
- கடைக்கு யூபிஐயில் கட்டி, பணம் எடுத்தும் கடைக்கு உறுதி போகலன்னா: டி+5 நாளுக்குள்.
- ஏடிஎம்மில் கணக்கில் எடுத்தும் நோட்டு வரலன்னா: டி+5 நாளுக்குள்.

இந்தக் கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு. நீங்க புகார் கொடுக்காவிட்டாலும் வங்கி தானாகவே வரவு வைக்கணும் என்பதுதான் விதி. இது சிஸ்டம் கோளாறுக்கு மட்டும். நீங்களே தப்பான ஆளுக்கு அனுப்பினதுக்கோ, மோசடியில் மாட்டினதுக்கோ இந்த விதி பொருந்தாது.

அப்ப, பெண்டிங் வந்தா என்ன செய்யணும்?

1. கையை எடுங்க. மறுபடியும் அனுப்பாதீங்க. அவசரம்னா, ரெண்டு தடவை போனாலும் சமாளிக்க முடியுமான்னு முதலில் பேலன்ஸைப் பாருங்க.
2. ஆர்ஆர்என்-ஐக் குறிச்சு வைங்க. டெபிட் எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீங்க.
3. வாங்குபவரிடம் எஸ்எம்எஸ் வந்ததான்னு கேட்காதீங்க, அக்கவுண்டில் வரவு இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. எஸ்எம்எஸ்ஸும், கடையில் சத்தம் போடும் சவுண்ட் பாக்ஸும் தனி மெசேஜ். பணம் வந்து, குரல் மட்டும் வராம இருக்கலாம். கருங்கல் ஜங்ஷனில் நெட்வொர்க் சுணங்கும்போது "தம்பி, பைசா வரல்ல" என்று அண்ணாச்சி சொன்னால், அவர் ஆப்பைத் திறந்து பார்க்கச் சொல்லிட்டு ரெண்டு நிமிஷம் நில்லுங்க.
4. டி+1 தாண்டியும் முடிவு இல்லன்னா, ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிவு செய்யுங்க. அடுத்து உங்க வங்கி, பிறகு என்பிசிஐ தளத்தின் புகார்ப் பகுதி.
5. வங்கியில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லன்னா, அல்லது பதில் திருப்தி இல்லன்னா, ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். சிஎம்எஸ் போர்ட்டலில் கட்டணம் இல்லாம பதிவு செய்யலாம். உதவிக்கு 14448.
6. கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு அழைக்காதீங்க. பணம் திரும்பி வர யூபிஐ பின் போடத் தேவையே இல்லை. யாராவது போடச் சொன்னால் அவர் திருடன். மாட்டிக்கிட்டா உடனே 1930.

இதோட ஒரு முன்னேற்பாடு. இஎம்ஐ, எஸ்ஐபி எடுக்கும் அக்கவுண்டுக்கு முந்தின ராத்திரி பணம் மாத்தும் பழக்கத்தை விடுங்க. திருப்பமே டி+1 வரை எடுக்கலாம்னு விதியே சொல்லுது. அதனால குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடியே பணம் அங்க இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை எடுக்க மாட்டாங்கன்னும் நினைக்காதீங்க. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் முறை வாரத்தின் எல்லா நாளும் இயங்குது.

மெசேஜ் ஒரு பாஷையில் இருந்து இன்னொரு பாஷைக்கு மாறும் இடத்தில் சில நேரம் 'தெரியாது' என்ற பதில்தான் உண்மையான பதில். சிஸ்டம் அதைச் சொல்லும்போது, நாம நம்ம விருப்பத்துக்கு 'இல்லை' என்று படிச்சுக்கக் கூடாது. டி+1 வரை பொறுத்தால் பணம் ஒரு இடத்தில் வந்து நிக்கும். அவசரப்பட்டா ரெண்டு இடத்தில் போய் நிக்கும்.

இதில் சொன்ன படிகளை வீடியோவில் திரையோடு காட்டியிருக்கேன். உங்க ஆப்பில் ஆர்ஆர்என் எங்கே இருக்குன்னு இப்பவே ஒரு தடவை தேடிப் பார்த்து வைச்சுக்கோங்க. தேவைப்படும் அன்னைக்குத் தேடினா பதட்டத்தில் கிடைக்காது. அடுத்த பதிவில் பார்ப்போம்!